மயக்கத்தில் வரும் வார்த்தை

மக்டலீனுக்கு ஊசியைப் பற்றிப் பயமில்லை. ஆஸ்பத்திரி தியேட்டரில் பதினொரு வருடமாகச் சிற்றூழியராக இருப்பவள். ஒப்பரேசன் முடிந்தவர்களை ட்ரொலியில் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது, அரைமயக்கத்தில் அவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டிருக்கிறாள். ஒரு பள்ளிக்கூட அதிபர் பெற்ற தகப்பனைத் தூஷணத்தால் திட்டினார். புதிதாகக் கல்யாணம் முடித்த ஒருத்தி, பக்கத்தில் நடந்து வந்த புருஷனுக்குத் தெரியாத ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். தெளிந்த பிறகு சொன்னவர்களுக்கு எதுவும் நினைவிருக்காது. கேட்டவர்களுக்குத்தான் இருக்கும்.

இன்று அவள் படுக்கும் நாள். பிள்ளைக்காகக் கருமுட்டை எடுப்பது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் கொழும்பில். அங்கே கணவன் கிறிஸ்ரோபரை உள்ளே விடவில்லை. யாழ்ப்பாணத்து இந்தக் கிளினிக்கில், கண் விழிக்கும்வரை கணவன் கட்டிலருகே இருக்கலாம் என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்துதான் அவளுக்குப் பயம். குருநகரில் கடலுக்குப் போய் மீன்பிடித்து வந்த களைப்போடு, நேரம் தவறாமல், தன் கையாலேயே அவள் வயிற்றில் மருந்து ஏற்றியவன் அவன். போன தடவை கரு தங்காதபோது அவள் அழுதது துக்கத்தில் மட்டுமல்ல. ஆறுதலாகவும் இருந்தது. பிள்ளையே இனி வேண்டாம் என்று இருந்தது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

நித்திரையாக்கியும் எடுக்கலாம், அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்தும் எடுக்கலாம் என்று மயக்க மருந்து டொக்ரர் விளக்கினார். விறைக்கச் செய்தால் நோகும், அசையக் கூடாது.

"முழிப்பிலையே எடுங்கோ" என்றாள்.

"ஏன் நொந்துகொண்டு கிடக்கவேணும்? நித்திரையாக்கட்டுமன்" என்றான் கிறிஸ்ரோபர்.

"நான் தாங்குவன்."

வலப்பக்கம் முடியும்வரை தாங்கினாள். இடப்பக்கம் ஊசி நுழைந்ததும் கால் தானாகத் துடித்தது. முட்டை எடுக்கும் டொக்ரர் கையை நிறுத்தினார். மறுபடி முயன்றபோது மறுபடி துடித்தது. இப்படி அசைந்தால் இரத்தக்குழாயில் பட்டுவிடும், நித்திரையாக்கவா என்று கேட்டார். அவள் கூரையைப் பார்த்தபடி தலையாட்டினாள். கையில் குளிர் ஏறி வந்தது. பற்களை இறுகக் கடித்துக்கொண்டாள்.

விழித்தபோது வாய் திறந்திருந்தது. நாக்கு வறண்டு கிடந்தது. ஏழு முட்டைகள் கிடைத்ததாக நேர்ஸ் மிஸ்ஸி சொல்லிவிட்டுப் போனாள். கிறிஸ்ரோபர் கட்டிலருகே ஸ்டூலில் இருந்தான்.

"நான் ஏதும் கதைச்சனானோ?"

அவன் பிளாஸ்கை எடுத்து மூடியைத் திருகினான்.

"இல்லை. நீ படு."

பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணியை ஊற்றி, இரண்டு கோப்பைகளிலும் மாற்றி மாற்றி ஆற்றத் தொடங்கினான். ஆவி பறப்பது நின்றது. அவன் நிமிராமல் ஆற்றிக்கொண்டேயிருந்தான்.