சூளைக்குப் போன விஷம்

கல்லூரியில் விலங்கியல் நடத்தும் கஸ்தூரிரங்கன், விரியன் பாம்பின் விஷத்தோடு பல வருஷமாக மல்லுக்கட்டிக் களைத்திருந்தார். டாக்டர் பட்டத்துக்கு அவர் சொல்ல வந்தது சின்ன விஷயம்தான். விஷம் ஒரு காலத்தில் வெறும் எச்சில். எச்சிலுக்கான ஜீன் ஒன்று தவறிப்போய் இரண்டானது. ஒன்று பழைய வேலையைப் பார்த்தது. வேலையற்ற மற்றது தலைமுறை தலைமுறையாகத் திரிந்து விஷமானது. எலி தின்னும் கம்மாபுரத்து விரியனுக்கு ஒரு மாதிரி, தவளை தின்னும் கருவேப்பிலங்குறிச்சி விரியனுக்கு வேறு மாதிரி.

ஊரில் யாரிடமும் அவர் இப்படிச் சொன்னதில்லை. எச்சில் என்றால் மரியாதை வராது. மூடியைத் திறந்தாலே ஆள் காலி என்றுதான் சொல்லிவைத்திருந்தார். உலர்ந்த விஷத்தூள் இரண்டு பீங்கான் ஜாடிகளில், வீட்டுப் பரணில் இருந்தது.

அதைச் சோதித்துப் பட்டத்துக்குச் சிபாரிசு செய்யச் சென்னையிலிருந்து சீதாராமன் வருவதாயிற்று. ஜாடியில் ஒட்டிய காகிதத்தைப் பூச்சி அரித்திருந்தது. கஸ்தூரிரங்கன் பீங்கான் தொழிற்கூடத்தில் எழுத்து வேலை பார்க்கும் காத்தவராயனிடம் ஜாடிகளைக் கொடுத்து, ஊர்ப் பெயரையும் அதற்கு மேலே தம் பெயரையும் நீலத்தில் அழியாதபடி எழுதச் சொன்னார். முன்னால் 'டாக்டர்' சேர்க்கச் சொன்னார். எப்படியும் வரப்போவதுதானே. எழுதிக் காயவைத்துத் தருவார்கள் என்று நினைத்தார், பீங்கான் வேலை அறியாத கும்பகோணத்துக்காரர்.

ஜாடிகள் வந்தன. எழுத்து கண்ணைப் பறித்தது. சீதாராமன் மூடியைத் திறந்து, அடியில் ஒட்டியிருந்த கரியை நகத்தால் சுரண்டினார்.

காத்தவராயனுக்கு ஆள் போயிற்று.

"அழியக் கூடாதுன்னீங்களே சார். எழுதிச் சூளையில வச்சேன்."

"உள்ள இருந்ததைக் கொட்டிட்டு வைக்கப்படாதா?"

"தொறந்தா ஆள் காலின்னு நீங்கதான சொன்னீங்க? எனக்குப் புள்ளகுட்டி இருக்குது சார்."

சீதாராமன் சிரிக்கவில்லை. ரயிலில் உட்கார்ந்தே வந்த அலுப்பு அவருக்கு. மறுபடி விஷம் சேர்த்த பிறகு பார்க்கலாம் என்று எழுந்துகொண்டார்.

மாலை அவர் வீடு திரும்பியபோது, வாசலில் மனைவி ஜயா கையிலிருந்த ஜாடிகளைப் பார்த்து ஒதுங்கினாள்.

"பயப்படாதே. எல்லாம் வெந்துபோச்சு. விஷமே வெறும் எச்சில்தான்" என்றார், களைப்பில் உண்மையை மறைக்கத் தோன்றாமல்.

"எச்சிலா? எச்சிலையா இத்தனை வருஷம் பரண்ல வெச்சிருந்தேள்? விஷம்னு நெனச்சுன்னா பொறுத்துண்டிருந்தேன். அங்கேயே வெச்சுட்டுக் கெணத்தடியில குளிச்சுட்டு வாங்கோ."

'டாக்டர்' தெருப்பக்கம் தெரியாதபடி ஜாடிகளைத் திருப்பிவைத்துவிட்டு, கஸ்தூரிரங்கன் கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு போனார்.