நான்கு மணிக்கு இனியா எங்கே இருந்தாள்?

கோவை வார இதழ் ஒன்றில் நானும் சூலூர் மதிவதனியும் ஒரே விண்வெளித் தொடரை மாறி மாறி எழுதினோம். ஒரு வாரம் விண்கலத்தில் நடப்பதை நான் எழுதுவேன். அதே நேரத்தில் பூமியில் நடந்ததை அடுத்த வாரம் அவள் எழுதுவாள். வாசகர் கடிதங்களோ மூட்டை மூட்டையாக அவளுடைய நாயகி இனியாவுக்கே வந்தன. எனக்கு வயிறு எரிந்தது.

இனியாவை விண்கலத்துக்கு வரவழைத்து, மாலை நான்கு மணிக்குக் கதவைத் திறந்து வெளியே தள்ளிக் கொன்றேன். இனி என்னத்தை எழுதுவாள், பார்க்கலாம்!

அத்தியாயத்தைப் படித்த ஆசிரியர் நஞ்சுண்டன், சிரித்துக்கொண்டே மதிவதனியின் அடுத்த அத்தியாயத்தை எடுத்து நீட்டினார். அதில் இனியா சூலூர் பேருந்து நிலையத்தில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். விண்கலத்துக்குப் போனது அவளைப் போலவே செய்த இயந்திரமாம். நேரம் எழுதவேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

“இது எப்ப வந்துச்சுங்க?”

“போன மாசமே குடுத்துட்டாங்க. ‘எப்படியும் அவரு இனியாவ மேல கூட்டிப்போயி கொன்னுபோடுவாருங்க. எத்தன மணிக்குன்னு மட்டும் பாத்துப் போட்டுக்கோங்க’ன்னாங்க.”

பேனாவை என்னிடமே நீட்டினார்.

“நீங்களே எழுதிருங்க.”