ராஜா பிடித்த மண்வெட்டி

கூட்டத்துக்குப் போகிற வழியில் துனகல் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டார். ராஜா என்றால் குதிரையில் போக வேண்டும். குதிரை வசந்தத்திலேயே செத்துப்போயிற்று. ராஜாவின் பின்னால் பன்னிரண்டு பேராவது வர வேண்டும். வந்தது ஐந்து பேர், அதில் ஒருவன் வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தான்.

"எந்திரி துனகல். ராஜா பாதையோரத்துல குந்தியிருக்கறத எவனாவது பாத்தா, அதுக்கும் ஒரு சட்டத்தத் தூக்கிட்டு வருவானுங்க," என்றான் கவிஞன் லெர்கஸ். ராஜாவை நீ, வா, போ என்று கூப்பிட அந்தக் குலத்தில் மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான்.

"வரட்டும். முட்டி சொன்ன பேச்சு கேக்கமாட்டேங்குது."

மருமகள் முரின் ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். "மாமா, லெர்கஸ் ஐயா சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்கா?"

"நான்தான் பேசப்போறதே இல்லியேம்மா. அவன்தானே பேசப்போறான்."

"பேசாம இருக்கணுமே, அத ஞாபகம் வெச்சுக்கங்கன்னுதான் சொல்றேன்."

துனகல் கையை ஊன்றி எழுந்தார். அறுபது வயதில் அவருக்குத் தூக்கம்கூடச் சலித்துப்போயிருந்தது. பேசாமல் இருப்பது பெரிய வேலையில்லை என்றுதான் அப்போது நினைத்தார்.

விஷயம் இதுதான். ராஜா மண்வெட்டி, கோடரி, மரச்சுத்தியல் மூன்றையும் கையால் தொடக் கூடாது. தொட்டு வேலை செய்ததை ஒருவன் பார்த்துச் சொல்லிவிட்டால் அந்த நாளிலிருந்து அவன் ராஜா இல்லை, குடியானவன். தனக்காக மண் வெட்ட ஓர் ஆள்கூட இல்லாதவன் யாருக்கு ராஜா என்று சட்டம் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் சட்டத்தை எழுதியவர்கள் வயிறு நிறைந்த காலத்தில் எழுதினார்கள்.

ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் மஞ்சள் கொள்ளைநோய் வந்தது. இருபத்தாறு வீடுகளில் பதினான்கில் அடுப்பு அணைந்தது. பாதிரியார் முதலில் போனார். கினான் என்ற பிரிட்டன் நாட்டு அடிமை அடுத்துப் போனான். அவனைப் புதைத்த கையோடு படுத்தவன்தான் துனகலின் ஒரே மகன் ஏடன். ஐந்தாம் நாள் அவனும் போய்விட்டான். முரின் அப்போது காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். கூப்பிட்ட குரலுக்கு எவனும் வாசலுக்கு வரவில்லை, பயம். வந்திருக்கக்கூடியவன் லெர்கஸ் ஒருவன், அவனும் படுக்கையில். துனகல் மண்வெட்டியை எடுத்தார். ஓடைக்கு அந்தக் கரையில் மாடு தேடி வந்த எர்க், வடக்கே இருக்கும் பெரிய ராஜாவின் காரியக்காரன், அதைப் பார்த்துவிட்டான்.

எர்க் பார்த்ததாகச் சொல்வது கூட்டத்தில் நிலைத்தால் துனகல் குடியானவர். அவருடைய பிரெக்கான் குலம் வடக்கானுக்கு விளைச்சலில் வாரம் கட்டும் கூட்டம். முரின் வயிற்றில் இருப்பது ஆணாகப் பிறந்தாலும் ராஜாவின் பேரன் இல்லை. குடியானவனின் பேரனுக்குப் பட்டம் ஏற்கும் அரசுக் கல்லில் கால் வைக்கும் உரிமை எந்தக் காலத்திலும் கிடையாது. அதனால்தான் லெர்கஸ் ஒரு பொய்யைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கி வைத்திருந்தான். குழி வெட்டியது கினான். அவன் செத்த நாளைப் பத்து நாள் தள்ளிவைத்துவிட்டால் போதும்.

"ராஜா வாயில பொய் வந்தா பசு மடி வத்திப்போகும்பாங்களே," என்று துனகல் ஒருமுறை கேட்டார்.

"இருக்கறது ரெண்டு பசு. ரெண்டும் ஏற்கெனவே வத்திப்போச்சு. நீ கவலப்படாத," என்றான் லெர்கஸ்.

கூட்டம் நடக்கும் மலையுச்சியில் குதிரைப் பந்தயம் முடிந்து, வெந்த பன்றி இறைச்சியின் வாசனை எங்கும் அடித்தது. ராஜாக்களின் பெஞ்சில் துனகலுக்குக் கடைசி இடம். அவர் அப்பா காலத்தில் மூன்றாவது இடம், தாத்தா காலத்தில் முதல் இடம். வழக்கப்படி லெர்கஸ் எழுந்து, தன் ராஜா யார் என்பதை முதலில் பாடினான்.

பிரெக்கான் ஒன்பது ஈட்டிகளோடு கடலிலிருந்து வந்தானாம். லெர்கஸின் அப்பா பாடியபோது ஈட்டிகள் ஐந்துதான். அதற்கு முன்னால் பிரெக்கானிடம் ஈட்டி இருந்ததா, படகாவது இருந்ததா, கடவுளுக்கே வெளிச்சம். எப்படியோ ஏரிக்கும் மலைக்கும் நடுவில் இருந்த நல்ல மண்ணைப் பிடித்தான். பேரன் காலத்தில் எழுபது மண்கோட்டைகள். வடக்கான் அப்போது பிரெக்கான் வீட்டு வாசலில் பிணையாகப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். அதன் பிறகு அடுத்த ராஜா யார் என்று பங்காளிகள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். எதிரி வெட்டியதைவிட இவர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்ததுதான் அதிகம். பாட்டில் அது வராது. அந்த இடத்தில் லெர்கஸ் எப்போதும் இருமுவான். வடக்கான் கை ஓங்கியதும், பிரெக்கான் வடக்கான் குலத்தின் ஆதி ராஜாவுக்குத் தம்பி ஆகிவிட்டான். அந்தத் தம்பி உறவை ஒட்டவைத்தது லெர்கஸின் அப்பாதான். இரண்டு தலைமுறைக்கு அது குலத்தைக் காப்பாற்றியது. அப்படியிருக்கும்போது இன்றைக்கு ஒரு சின்னப் பொய்யில் என்ன வந்துவிடப் போகிறது என்று லெர்கஸ் நினைத்ததில் தப்பில்லை.

துனகல் பாட்டைக் கேட்கவில்லை. பதினான்கு ராஜாக்களின் பெயரும் அவருக்குத் தூக்கத்தில்கூட வரும். அவர்களில் ஒருவன்கூடத் தன் மகனைத் தானே புதைத்திருக்க மாட்டான் என்று தோன்றியது. அது பெருமையா, பாவமா என்று யோசிக்கக்கூட அசதியாக இருந்தது.

நியாயம் சொல்ல உட்கார்ந்திருந்தவர் தோர்பன். ஏழு வயதிலிருந்து பதினேழு வயதுவரை துனகலின் வீட்டில் வளர்ப்புப் பிள்ளையாக இருந்தவர். ஒரே கிண்ணத்தில் இருவரும் கஞ்சி குடித்திருக்கிறார்கள். அவர் துனகலின் முகத்தைப் பார்க்காமலேயே ஆரம்பித்தார்.

"எர்க், நீ என்ன பாத்தே?"

"ராஜா மண்வெட்டியால மண்ணத் தள்ளிட்டு நின்னத பாத்தேன்."

"எவ்வளவு தூரத்துல?"

"ஓட அகலம்."

"மூடுபனி இருந்துச்சா?"

எர்க் பல்லைக் கடித்தான். "இருந்துச்சு."

லெர்கஸ் முன்னால் வந்தான். "ஐயா, அது கினான். ராஜா உசரம், ராஜாவோட பழைய போர்வ. பாவம், குழி வெட்டி முடிச்சு ரெண்டாம் நாள் அவனும் போய்ட்டான். இவரு பனியில துணியப் பாத்துட்டு ஆளுன்னு நெனச்சுட்டாரு."

கூட்டத்தில் சிரிப்பு. முரின் முன்வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராஜா மறுக்கல. அப்ப வெட்டுனது அடிமதான்," என்றார் தோர்பன் அவசரமாக. அவருடைய தோள்கள் தளர்ந்தன. "முடிச்சுக்கலாமா எர்க்?"

எர்க் தோற்றுவிட்டான். அது அவனுக்கே தெரியும். மேலங்கியை உதறிக்கொண்டு, போகிற போக்கில் சொன்னான்: "முடிச்சுக்கங்க. அடிம வேலதானே, நாலு வெட்டு வெட்டி மேல மண்ணத் தூவியிருப்பான். இந்நேரம் ராசகுமாரன ஓநாய் இழுத்துட்டுப் போயிருக்கும்."

"மாரு வரைக்கும்," என்றார் துனகல்.

யார் பேசியது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. லெர்கஸுக்கு மட்டும் புரிந்தது. "துனகல், வாய மூடு," என்றான் வாய்க்குள்ளேயே.

துனகல் எழுந்து நின்றார். கையை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக் காட்டினார். "இந்த மாரு வரைக்கும் ஆழம். மூணு நாள் வெட்டுனேன். மேல பூரா வேரு, அதுக்குக் கீழ களிமண்ணு. ராத்திரியில நாய் வராம அவன் பக்கத்துலயே கெடந்து தூங்குனேன். அடியில தட்டக்கல்லாப் பொறுக்கிப் போட்டேன், ஈரம் ஏறக் கூடாதுன்னு. மேலயும் கல்லு. ஓநாயாவது ஒண்ணாவது. என் புள்ளைய எதுவும் தொடல."

"ராஜாவுக்குக் காய்ச்சல் இன்னும் விடல போலருக்கு," என்றார் தோர்பன். அவர் குரல் கெஞ்சியது.

"காய்ச்சல்லாம் இல்ல தோர்பா. நான்தான் வெட்டுனேன்."

எர்க்கே நடையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். அவன் இதற்காகக் கிண்டல் செய்யவில்லை, வெறும் வயிற்றெரிச்சலில் சொன்னது அது.  தோர்பன் சட்டத்தில் இருப்பதைச் சட்டத்தில் இருக்கிறபடியே சொன்னார். சொல்லி முடித்ததும் முகத்தை மேலங்கியில் துடைத்துக்கொண்டார்.

ராஜாக்களின் பெஞ்சிலிருந்து இறங்கும்படி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துனகல் தானே இறங்கி, சரிவில் குடியானவர்கள் உட்கார்ந்திருந்த புல்தரைக்கு நடந்தார். யாரோ ஒருவன் காலை மடக்கி இடம் விட்டான். ஒருவன் மோர்க் குடுவையை நீட்டினான். கூட வந்த ஐந்து பேரில் இருவர் எர்க்கைத் தேடிப் போனார்கள். நாளைக்கு யாருக்கு வாரம் கட்ட வேண்டும் என்று கேட்பதற்காக இருக்கும். அவர்களைக் குறை சொல்லவும் அவருக்குத் தெம்பில்லை. லெர்கஸ் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். பதினான்கு ராஜாக்களையும் வாயில் வைத்துக்கொண்டு, பாட ஆள் இல்லாமல் நின்றான்.

முரின் வருவதைப் பார்த்ததும் துனகல் மோர்க் குடுவையைக் கீழே வைத்தார். செத்தவனுக்காகப் பிறக்காதவனின் கையில் இருந்ததைப் பிடுங்கிப் போட்டாயிற்று. அவள் வந்து எதிரில் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"ஒரே ஒரு வேல. வாயத் தொறக்காம இருக்கறது. அதுகூட முடியல உங்களால."

"முடியலம்மா."

"என் புள்ளைக்கு இனிமே என்ன இருக்கு? சொல்லுங்க. அடுத்தவன் மாட்ட மேய்க்கவா பெத்துப்போடப் போறேன்?"

 அவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்திலிருந்தவர்கள் கேட்காதவர்கள் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் இன்னும் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல அவர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். நெடுநேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா."

"சொல்லும்மா."

"நான் இத்தன நாளா கேக்கவே இல்ல. கேக்கப் பயமா இருந்துச்சு. நீங்க தனியாளு, அவ்ளோ பனி, ஏதோ மேலோட்டமாத்தான் மூடியிருப்பீங்கன்னு நெனச்சுட்டு, ஒவ்வொரு தடவ ஓநாய் ஊளையிடும்போதும் காதப் பொத்திக்குவேன்." அவள் பிடுங்கிய புல்லைக் கீழே போட்டாள். "நெசமாவே அடியில கல்லு போட்டீங்களா?"

"போட்டேன்."

"எத்தன?"

"முப்பத்தியொண்ணு. தல பக்கம் வழவழன்னு இருந்ததா பாத்துப் போட்டேன்."

முரின் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, புருஷன் செத்த நாளிலிருந்து அழாத அழுகையை அழுதாள்.