பின்பலகை இல்லாத பெட்டி

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒரு நிமிட நேரம்தான். கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் முதுகில் கிடார் மாட்டிய ஒரு பெண், பெரிய டிரங்குப் பெட்டி அளவுக்கு ஒரு மரப்பெட்டியை ஷேர் ஆட்டோவில் ஏற்றச் சொல்லி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியின் முகத்தில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். பின்பக்கம் பலகையே இல்லை. உள்ளே ஒயர் தெரிந்தது.

"ரெண்டு பேர் குந்துற எடத்தை இதுவே அடைச்சிக்கும்மா" என்றார் ஓட்டுநர்.

"நான் ஓரமா தொத்திக்கினு வர்றேண்ணா. நீ ஏத்து."

ஏற்றினார். ஆட்டோ கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய்விட்டது. மீதியெல்லாம் நான் செய்தது. பொய் என்று சொல்லமாட்டேன். ஒழுங்காகச் செய்த மேசையை யாரும் பொய் மேசை என்பதில்லை.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"தொழிற்பேட்டைப் புகையின் நடுவே ஒரு கிடாரின் அழுகுரல்" — வேண்டாம். கிடார் அழவில்லை. அவளும் அழுகிற ஆள் இல்லை.

"பூமிகாவுக்கு இருபத்தாறு வயது. இன்னும்" — இந்த 'இன்னும்' நேராகக் கல்யாணத்தில் போய்த்தான் நிற்கும். அடித்துவிட்டேன்.

மூன்றாவது நிற்கிறது: பூமிகா சத்தத்தைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள்.

கும்மிடிப்பூண்டியில் லாரிகளுக்கு பிரேக் டிரம் வார்க்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வார்த்த டிரம்மைத் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. மணி மாதிரி நீண்டு ஒலித்தால் நல்லது. 'தொப்' என்று நின்றுபோனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. நாளைக்கு முந்நூறு டிரம் தட்டுவாள். அவள் வேண்டாம் என்று ஒதுக்கியதை மறுபடி தட்டிப் பார்க்க யாரும் துணிவதில்லை.

3

அப்படிப்பட்ட காதுக்காரிக்குத்தான் போன வருடம் அந்த அவமானம் நடந்தது.

கம்பெனியில் தொழிலாளர்களே நடத்தும் ஒரு ஆர்கெஸ்ட்ரா உண்டு. ஆயுத பூஜை அன்று சாயங்காலம் யார்டில் மேடை போட்டுக் கச்சேரி. அதை நடத்துகிறவர் மெயின்டனன்ஸ் பிரிவின் ராஜமாணிக்கம். கீபோர்டு, குணா. கிடார், பூமிகா. போன வருடம் அவள் தன் ஆம்ப்ளிஃபயரை ஏதோ ஒரு பழைய குட்டி ஸ்பீக்கரில் மாட்டி வாசித்தாள். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து அவளை அப்படியே விழுங்கிவிட்டன. (மைக் வைத்துப் பெரிய ஸ்பீக்கரில் விட்டிருக்கலாமே என்று கேட்கும் வாசகருக்கு: மொத்தம் நாலு மைக். பாடகர்கள் மூன்று பேர். நாலாவது, மேனேஜர் பேசுவதற்கு.)

கச்சேரி முடிந்து கை கழுவக் கேன்டீன் பக்கம் போனாள். அங்கே பாத்திரம் தேய்க்கும் லட்சுமியம்மாள், குழாயைத் திறந்துவிட்டு அண்டாவைத் தேய்த்தபடி கேட்டார்:

"இன்னா பாப்பா, நீயும் வாசிச்சியா? கை ஆடுச்சி, பார்த்தேன். சத்தத்தைத்தான் காணோம்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகத் தைத்தது. இந்த வருடம் ஒத்திகை தொடங்கிய அன்று ராஜமாணிக்கமும் சொல்லிவிட்டார்.

"குணா கீபோர்டுலயே கிடார் சத்தம் வருதும்மா. இந்த வாட்டி நான் முன் வரிசைல குந்திக்கினு கேப்பேன். உன் சத்தம் எனுக்கு வந்து சேரலைன்னா அடுத்த வருசத்துலேர்ந்து நீ கோரஸ் பாடிடு."

கதைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கோரஸில் நிற்பதா, கிடாரோடு நிற்பதா? அதைத் தீர்மானிக்கப்போவது ஒரு பெட்டி.

4

அவளுடைய ஆம்ப்ளிஃபயர் பழைய வால்வு வகை. தலை மட்டும்தான், ஸ்பீக்கர் பெட்டி தனியாகத் தேடவேண்டும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் நாலு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்க மூன்று ஆள் வேண்டும். இரண்டு ஸ்பீக்கர் போதும் என்று முடிவு செய்துகொண்டு அவள் புதுவாயல் ஹனீப் பாயிடம் போனாள்.

தொழிற்பேட்டைக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின்கள் பைன் மரப் பெட்டிகளில் அடைத்து வரும். மெஷினை இறக்கியதும் அந்தப் பெட்டிகளை வாங்கிப் பிரித்து விற்பது ஹனீப் பாயின் தொழில். கேட்டால் தச்சு வேலையும் செய்துகொடுப்பார். பூமிகா அடுக்கிலிருந்து ஒவ்வொரு பலகையாக உருவி, தொங்கப் பிடித்து, விரல் முட்டியால் தட்டினாள். பதினெட்டுப் பலகையில் பதினொன்று தேறியது.

"இன்னாமா, கடைல தேங்கா பொறுக்குற மாதிரி பொறுக்கறே?"

"ஏழுல கீறல் கீது பாய். வெளியே தெரியாது."

அவர் அதில் ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து அழுத்தினார். பிளந்தது. அதற்குப் பிறகு அவர் பேரம் பேசவில்லை.

சிக்கல் பின்பலகையில் வந்தது. பெட்டியை நாலாபுறமும் அடைத்தால் சத்தம் கெட்டியாக, முன்னால் மட்டும் பாயும். பின்பக்கத்தைத் திறந்து விட்டால் சத்தம் இரண்டு பக்கமும் போகும். கொஞ்சம் காற்றாட இருக்கும், 'பேஸ்' என்கிற அடிச்சத்தம் குறையும். இரண்டுக்கும் உலகம் முழுக்கக் கட்சி கட்டிச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"பின்னாடி பலகை இல்லன்னா அது பொட்டியே இல்லமா. ஷெல்பு" என்றார் ஹனீப் பாய். அவர் மூடிய கட்சி.

பூமிகாவும் அன்றைக்கு அதே கட்சிதான். ராஜமாணிக்கம் உட்காரப்போவது முன்னால். அவர் நெஞ்சில் போய் முட்ட வேண்டும். ஆனால் கவரைப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் தூக்கிப்போக எடை குறையவேண்டுமே. அதனால் பின்பலகையைத் தனியாகச் செய்யச் சொன்னாள். எட்டு ஸ்டார் ஸ்க்ரூ. பெட்டியை முதல் நாள் ஒரு நடை, பலகையை மறுநாள் ஒரு நடை. மேடையில் வைத்து முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது.

(முதல் பத்தியில் நான் பார்த்தது அந்த முதல் நடையைத்தான். அப்படி வைத்துக்கொள்வோம்.)

5

ஸ்பீக்கர் தேர்வைப் பற்றி எழுதாமல் தாண்டிவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். தாண்டமாட்டேன். பெண் பார்க்கும் படலத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், ஸ்பீக்கர் பார்த்தால் ஆகாதா?

சென்னை ரிச்சி தெருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் அவள் முன் இரண்டு ஜோடி வைத்தார்கள். கடைக்காரர் வாட்டைப் பற்றியே பேசினார். அவள் ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியின் மேல் பொடி எழுத்தில் இருந்த வேறொரு எண்ணைப் படித்தாள். ஒரு வாட் மட்டும் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்த சத்தம். ஒன்றில் தொண்ணூற்றேழு டெசிபல், இன்னொன்றில் நூறு. மூன்றுதானே என்று தோன்றும். அந்த மூன்றுக்காக ஆம்ப்ளிஃபயரின் சக்தியை இரண்டு மடங்காக்க வேண்டியிருக்கும். ஸ்பீக்கரை மாற்றினால் சும்மாவே கிடைக்கிறது.

ஆம்ப்ளிஃபயர் எட்டு ஓம் கேட்கிறது. அதனால் பதினாறு ஓம் ஸ்பீக்கர் இரண்டை எடுத்துப் பக்க இணைப்பாக, பேரலலில், இணைத்தாள். பாதியாகி எட்டு வந்தது. நூறு டெசிபல் ஜோடிக்கு ஒரு குறை இருந்தது. மேல் சத்தம் தகரக் கூரையில் ஆணி இழுத்த மாதிரி காதைக் கூசவைத்தது. பரவாயில்லை, கேட்டால் போதும் என்று வாங்கிவிட்டாள். கேட்டால் போதும் என்று நினைக்கிற அளவுக்கு அவள் போன வருடம் நொந்திருந்தாள்.

6

இங்கே ராஜமாணிக்கத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவரை வில்லனாக்குவது ரொம்பச் சுலபம். மீசையை முறுக்கவிட்டு ஒரு பத்தியும் எழுதினேன்: "அவர் கண்களில் ஏளனம்" — போதும். பெட்டி யார்டில் வந்து இறங்கியதும் அவர்தான் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். பைன் மரத்தைத் தடவிப் பார்த்து, "நம்ம மெஷின் வந்த பொட்டியா இது?" என்று சிரித்தார். நல்ல மனுஷர். அந்த நல்ல மனசால்தான் அடுத்த தப்பு நடக்கிறது.

7

ஆயுத பூஜை அன்று காலை, பூமிகா பின்பலகையோடு வந்து சேர்வதற்குள், ராஜமாணிக்கம் அவள் பெட்டியையும் கொண்டுபோய்ப் பூஜையில் வைத்துவிட்டார். புதுச் சாமான் அல்லவா? லேத்துக்கும் வெல்டிங் மெஷினுக்கும் நடுவில் நடுநாயகமாக இருந்தது. ஸ்டோர்ஸ் மணவாளன்தான் அங்கே வருடா வருடம் சந்தனம் வைப்பவர். பெட்டிக்கு இன்னும் முகத்துணி கட்டவில்லை. அவர் இரண்டு ஸ்பீக்கரின் நட்ட நடுவில், அந்தக் காகிதக் குமிழில், கட்டை விரலால் ஆளுக்கொரு சந்தனம், அதன் மேல் குங்குமம் என்று வைத்து, பெரிதாக ஒரு கும்பிடும் போட்டுவிட்டார்.

பார்த்ததும் பூமிகா துடைக்கத் துணியை எடுத்தாள். ஈரத்தில் துடைத்தால் காகிதம் கிழியும். விட்டுவிட்டாள்.*

"பெட்டிய எடுக்கறேன் சார். பலகை முடுக்கணும்."

"பூசைல வெச்சதை நாளைக்குத்தான்மா எடுக்கணும்" என்றார் மணவாளன்.

ராஜமாணிக்கம் பஞ்சாயத்து செய்தார். பாட்டும் பூஜைதான், அதனால் வாத்தியத்தை எடுக்கலாம். பெட்டி வாத்தியத்தைச் சேர்ந்தது, எடுத்துக்கொள். ஆனால் ஸ்க்ரூடிரைவர்? அது ஆயுதம். அதைத் தொடக்கூடாது.

கம்பெனியில் இருந்த அத்தனை ஸ்க்ரூடிரைவரும் பூஜைக்குப் போட்ட வாழையிலையில் பொட்டு வைத்துப் படுத்திருந்தன. (சவுண்டு சர்வீஸ்காரரிடம் ஒன்று இருந்திருக்குமே என்கிறீர்கள். இருந்தது. மணவாளன் அதையும் கேட்டு வாங்கி வைத்துவிட்டார்.)

\* காய்ந்த சந்தனம், அதிர்ந்து சத்தம் எழுப்பும் காகிதக் கூம்பின் எடையை ஒரு துளி கூட்டும். எடை கூடினால் மேல் சத்தத்தின் கூச்சம் குறையும். ஒரு பொட்டுக்கு அவ்வளவு பலம் உண்டா என்று எனக்குத் தெரியாது. பூமிகா வாசித்துப் பார்த்தபோது ஆணிச் சத்தம் போயிருந்தது. நான் அவள் காதை நம்புகிறேன்.

8

கத்தி முனையாலாவது முடுக்கலாம் என்று கேன்டீனுக்கு ஓடினாள். லட்சுமியம்மாள் அண்டாவோடு உட்கார்ந்திருந்தார். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

"கத்தியும் பூசைல கீது பாப்பா. எலுமிச்சம்பழத்தையே கையாலதான் பிச்சிக்கினு கீறோம். எதுக்கு?"

"பின்னாடி மூடணும்மா. இல்லன்னா சத்தம் பின்னால போய்டும். ஒரே பேஜாரு."

"பின்னாலன்னா எங்க போவும்?"

பூமிகா திரும்பிப் பார்த்தாள். மேடையின் முதுகு கேன்டீனைப் பார்த்தபடி இருந்தது. அந்தப் பக்கம் நாற்காலி கிடையாது. பாத்திரம் தேய்ப்பவர்கள், கூட்டுபவர்கள், பந்தி பரிமாறும் கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரும் வருடா வருடம் மேடையின் பின்துணியைப் பார்த்துக்கொண்டுதான் கச்சேரி கேட்டார்கள்.

"தொறந்தே கெடக்கட்டுமே" என்றார் லட்சுமியம்மாள். "நாங்க அந்தாண்டதான கீறோம்."

மூன்று மாதமாகப் பலகையைத் தட்டி, ஓம் பார்த்து, டெசிபல் பார்த்த பூமிகாவுக்கு, அந்தாண்ட ஆள் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. பின்பலகையை அங்கேயே சுவரில் சாத்திவிட்டுப் போனாள்.

9

முடிவும் மூன்று எழுதினேன்.

ராஜமாணிக்கம் எழுந்து நின்று கைதட்டுகிறார். — கிழித்துவிட்டேன், கண்ணில் நீரும் வரவைத்திருந்தேன்.

முதல் பாட்டிலேயே வால்வு எரிந்துபோகிறது. — இவ்வளவு தூரம் பெட்டி சுமந்தவளுக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதில் பாதியை நீங்கள்தான் எழுதவேண்டும். முன் வரிசையில் ராஜமாணிக்கம் உட்கார்ந்திருக்கிறார். மடியில் பொரிப் பொட்டலம். சத்தத்தில் பாதி அவர் பக்கம் வருகிறது. அது அவருக்குப் போதுமா, அடுத்த வருடம் கிடாரா கோரஸா? அந்தப் பக்கத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அவர் நல்ல மனுஷர் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பின்பக்கத்தை நான் தரமாட்டேன். அதை எழுதுவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சாயங்காலம் ஐந்து மணி. குணா தலையாட்டினான். பூமிகா ஆறு கம்பியிலும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தாள். மெஷின் வந்த மரம் அதிர்ந்தது, அவள் கெண்டைக்காலில் தெரிந்தது. டிரம்ஸுக்கு மேலே, கீபோர்டுக்கு மேலே, தன் சத்தத்தைத் தானே கேட்டாள். கீறல் இல்லாத பிரேக் டிரம்மைத் தட்டினால் வரும் அதே நீளம். சந்தோஷத்தில் அவளுக்கு ராஜமாணிக்கத்தின் முகத்தைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. தோளுக்கு மேலாகத் திரும்பி, பின்துணியின் இடுக்கு வழியாகக் கேன்டீனைத்தான் பார்த்தாள்.

அண்டா பாதி தேய்த்தபடி இருந்தது. லட்சுமியம்மாள் கையை நீட்டிக் குழாயை மூடினார்.