தரிசு மானியம்

ஊருக்கே அவள் அக்காதான். கூடப்பிறந்தது மட்டும் ஒரே ஒரு தம்பி. ஆலங்கட்டி மழை அவளுடைய மூன்று ஏக்கர் மக்காச்சோளத்தையும் தரையோடு தரையாக அடித்துப் போட்டிருந்தது. நிவாரணம் வந்தால்தான் அடுத்த விதைப்பு. வராவிட்டால் நிலத்தை விற்றுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான். "வேணாம்க்கா, வீண் அலைச்சல்" என்று தம்பி மூன்று நாளாகத் தடுத்தும் கேட்காமல் வேளாண்மை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள். அவனும் வேறு வழியில்லாமல் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே நின்றான்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் கணினியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் கணினியைப் பார்த்தார்.

"இது தரிசு நிலமாச்சேம்மா. ஒன்பது வருஷமா ஒண்ணுமே விதைக்கலை. விதைக்காத நிலத்துல பயிர் எப்படி அழியும்?"

"விதைக்கலைன்னு யாரு சொன்னா? நான்தானே விதைக்கிறேன்."

"மண்ணு ஓய்வெடுக்கட்டும்னு நிலத்தைச் சும்மா போட்டு வைக்கிறவங்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்குது. அதை வருஷம் தவறாம வாங்கியிருக்கீங்களே."

அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. சும்மா இருப்பதற்குக் கூலியா? ஒன்பது வருஷமாக இடுப்பொடியக் களையெடுத்தவளுக்கு இப்படியொரு கொடுப்பினை இருப்பது தெரியாமல் போயிற்றே. ஆள் மாறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். எழுத்தர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

ஒன்பது படங்கள். எல்லாவற்றிலும் அறுத்து உழுது போட்ட வெற்று நிலம். எல்லாவற்றிலும் அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி அவள். "அதிகாரி அளக்க வந்திருக்காருக்கா, இந்த நுனியைக் கொஞ்சம் பிடி" என்று தம்பிதான் கூப்பிடுவான். அறுவடை முடிந்த மறுவாரம் பார்த்துத்தான் அந்த அதிகாரியும் வருவார். பாவம், வெயிலில் வந்த மனுஷன் என்று அவள் செம்பில் தண்ணீர் கொடுப்பாள். தன் நிலத்தில் ஒன்றும் விளையவில்லை என்பதற்குத் தானே சாட்சியாக நின்றிருக்கிறாள், அதுவும் ஒன்பது தடவை.

அடியில் கையெழுத்து. வரி கட்டுகிற தாள் என்று தம்பி நீட்டியபோதெல்லாம் போட்டது. பணம் போன வங்கிக் கணக்கு அவனுடையது.

அவள் விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

"என் நிலத்தைத் தரிசுன்னு எழுதிக் கொடுத்தியாடா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வான் என்றுதான் நினைத்தாள். அவன் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, "நான் எங்கேக்கா கொடுத்தேன்? கையெழுத்து உன்னோடது. படத்துல நிக்கிறதும் நீ. உள்ளே போய்ச் சொன்னா முதல்ல உன்னைத்தான் பிடிப்பாங்க. பேசாம வண்டில ஏறு" என்றான்.

பாவி, பயந்து உளறியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இவன் இந்தப் பதிலை ஒன்பது வருஷமாகத் தயாராக வைத்திருந்திருக்கிறான்.

அவள் வண்டியில் ஏறவில்லை. திரும்ப உள்ளே போனாள்.

"எழுதிக்கோங்க சார். படிக்காமக் கையெழுத்துப் போட்டது என் தப்பு. எனக்கு நோட்டீஸ் வந்தா வரட்டும். ஆனா அந்த மண்ணு ஒரு வருஷம்கூடச் சும்மா கெடந்ததில்லை."

எழுத்தர் புகார்த் தாளை எடுத்தார். தம்பியின் பெயரைக் கேட்டு எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "அவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தில் கேட்ட கேள்விதான். தம்பி வேணும் என்று வாய் தானாகச் சொல்லும்.

"தம்பி..." என்றாள். 'வேணும்' வரவில்லை. எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி," என்றாள் மறுபடியும். "அதோட நிறுத்திக்கோங்க சார்."