லெவல் ரெண்டு, வச்சாச்சு!

என் லேப்டாப்பில் கணவர் லினக்ஸ் போட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஹெலிகாப்டர் குடியிருக்கிறது. பழைய சிஸ்டம் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டால், "அது கம்பெனிக்காரன் சொன்னபடி ஓடும். இது நாம சொன்னபடி ஓடும். ரொம்ப சிம்பிள்" என்பார். நாங்கள் சொன்னபடி ஓடுகிற பொருள் இந்த வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. அது கிடக்கட்டும்.

நான் குரலை வைத்துப் பிழைக்கிறவள். "வாங்க, வாங்க, பாதி விலை!" என்று ஜவுளிக்கடை வாசலில் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கூப்பிடுகிறாளே, அவள் நான்தான். சலித்துப் போய்விட்டது. எனக்கு ஒரு புத்தகம் வேண்டும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் குரலில் ஒரே ஒரு புத்தகம். ஒலிப்புத்தகம் தயாரிக்கும் ஒரு மேடம் மாதிரிப் பதிவு கேட்டார். அனுப்பினேன். "பின்னாடி மாவு மில் ஓடுதே?" என்றார். மறுபடி அனுப்பினேன். "மில்லை இன்னும் மூடலையா?" என்றார். இன்று நாலு மணிக்கு நேரடியாகவே கேட்கிறேன், இதுவும் சரிப்படாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

வெளிச்சத்தம் வராமல் இருக்க ஜன்னல்களைச் சாத்தி, போர்வைகளைத் தொங்கவிட்டு, லேப்டாப்பைத் திறந்தேன். திறந்ததுமே அதற்குள் இருக்கிற குட்டி ஃபேன் சனியன் 'ஹோ'வென்று கத்த ஆரம்பித்தது. ஆபீஸில் இருந்த கணவருக்குப் போன் போட்டு, கை இரண்டும் வேண்டுமே என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"உங்க லினக்ஸ் என் உயிரை வாங்குது. இந்த ஃபேனை அடக்குங்க, இல்லைன்னா ரெண்டு பேரையும் சேர்த்து வெளிய தள்ளிருவேன்!"

"கத்தாதே. ஸ்கிரீன்ல கமாண்ட் அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திற. சென்சார்ஸ்னு அடி. சூடு எவ்வளவு?"

"எழுபத்தெட்டு."

"அவ்வளவுதானே? அது தாங்கும். ஃபேன் வேகத்தை நாமளே குறைச்சுக்கலாம். நான் சொல்றதை அப்படியே அடி."

அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அதையும் அடித்தேன். திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை.

"எதுவுமே வரலைங்க!"

"வராது. நம்பி அடி."

கண்ணுக்குத் தெரியாததை நம்பி அடிக்கச் சொல்கிற மனுஷனை என்னவென்று சொல்வது?

"இப்ப ஃபேனை லெவல் ரெண்டுல வை."

"ஃபேன் லெவல் ரெண்டு. வச்சாச்சு!" என்று கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

அது என் மாமனார். கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே மேலிருந்து ஆர்டர் வந்தால் அதை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டு, அந்த நொடியே செய்து முடிக்க வேண்டும். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது. அவர் கப்பலை விட்டு இறங்கிவிட்டார், அந்தப் பழக்கம் அவரை விட்டு இறங்கவில்லை. போதாக்குறைக்கு, என் அறையின் சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை எந்தப் புண்ணியவானோ கதவுக்கு வெளியே, சரியாக அவர் நாற்காலிக்கு மேலே வைத்துத் தொலைத்திருக்கிறான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. பெரியவர் ஏதோ உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துவிட்டேன்.

லேப்டாப் சத்தம் அடங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சே அனலாக இருந்தது. வியர்வை கழுத்தில் வழிந்தது. திரையில் சூடு எண்பத்தைந்து. தொண்ணூறு. கீபோர்டில் கை வைக்க முடியவில்லை.

"ஐயையோ, தொண்ணூத்தாறு காட்டுதுங்க!"

"அணைஞ்சிரும்! ஃபேனை ஃபுல்லா வை, ஃபுல்லா வை!"

"ஃபேன் ஃபுல். வச்சாச்சு!"

தலைக்கு மேலே புயல் அடித்தது. மேஜையில் வைத்திருந்த கதைத் தாள்கள் கிளம்பி, ஒன்று என் மூஞ்சியிலேயே ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"மாமா! அந்த ஃபேன் இல்லை மாமா!"

"ஃபேன்னுதானேம்மா ஆர்டர் வந்துச்சு?"

"அங்க என்ன கலாட்டா? எதையும் தொடாதே, பேசாம ஆட்டோல போடு!" என்று போனில் கணவர் அலறினார்.

"ஆட்டோவா? ரிப்பேர்க் கடைக்கா? இதோ, கூட்டிட்டு வரேன்" என்று மாமா செருப்பைத் தேடினார். ஓடிப்போய் வாசலில் மறித்தேன். அது தானியங்கி ஆட்டோ, மூன்று சக்கர ஆட்டோ இல்லை என்று புரியவைத்துத் திரும்பி வருவதற்குள், "மேனேஜர் வர்றார்" என்று கணவர் போனை வைத்துவிட்டிருந்தார். கட்டிய பெண்டாட்டியை இப்படியா நட்டாற்றில் விடுவது?

ஃபேனை ஆட்டோவில் போட்டேன். பழையபடி ஹெலிகாப்டர் கிளம்பியது. எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் கலந்திருந்தது. ஒரு கதையைப் படிக்க வைத்திருக்கிற மெஷின் எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறது? என்னத்தைச் சுமக்கிறது? கணவர் அடிக்கடி 'டாப்' என்று அடித்து, யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பார். அடித்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே 'அக்வேரியம்' என்று இருந்தது. தொண்ணூற்றேழு சதவீதம்.

மீன்தொட்டி! கல்யாண நாளுக்குப் பரிசு என்று திரைக்குப் பின்னால் மீன்கள் நீந்துகிற படம் ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தார். நான் எதைத் திறந்து வேலை பார்த்தாலும், கண்ணுக்குத் தெரியாமல் அதுகள் பின்னால் நீந்திக்கொண்டே இருந்திருக்கின்றன. அவர் செய்கிற மாதிரியே 'கில்' என்று அடித்து, அந்த வரியில் இருந்த எண்ணையும் அடித்துத் தட்டினேன். பரிசு போய்ச் சேர்ந்தது. சூடு மளமளவென்று இறங்கியது. ஃபேன் முனகி முனகி ஓய்ந்தது.

சீலிங் ஃபேனையும் நிறுத்தினோம். அறை அமைதியானது. அப்போதுதான் பயமே வந்தது. இதுவரை மாவு மில் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது மில் மூடியாகிவிட்டது. இனிமேல் வேண்டாம் என்று சொன்னால், வேண்டாதது என் குரல்தான்.

நாலு மணிக்கு மேடம் லேப்டாப்பில் அழைத்தார். "சத்தமே இல்லையே, பரவாயில்லையே. சரி, படிங்க" என்றார்.

பல்வலி வந்த முதலை ஒன்று பல் டாக்டரிடம் போகிற கதை. கடிக்க மாட்டீங்களே என்று டாக்டர் நடுங்குகிறார். முதலைக்கு என்ன குரல் கொடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. தானாக வந்தது.

"பதறாதீங்க டாக்டர். வலிக்கலைன்னா கடிக்க மாட்டேன். வலிச்சா, எனக்கே தெரியாம கடிச்சிருவேன். ரொம்ப சிம்பிள்."

கதவுக்கு வெளியே ஏதோ வெடித்தது. சத்தம் போடக் கூடாது என்று வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டிருந்த மாமா, அடக்க முடியாமல் 'கெக்கெக்கே' என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நிற்கவே இல்லை. சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். எல்லாம் போச்சு.

"யாருங்க அது?" என்றார் மேடம்.

"மன்னிச்சிருங்க மேடம். என் மாமனார். மறுபடி முதல்லேருந்து படிக்கிறேன்."

"கதை அவருக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது மேடம். முதலையைத்தான் தெரியும். அவர் பையன்."

அந்தப் பக்கம் மேடமும் சிரிப்பது கேட்டது.

"மறுபடியெல்லாம் படிக்க வேணாம். புத்தகம் முழுக்க நீங்கதான் படிக்கிறீங்க. என்ன, சம்மதமா?"

வாயைத் திறந்தேன். குரலை வைத்துப் பிழைக்கிறவளுக்குக் குரல் வரவில்லை.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

மாமா உள்ளே வந்து, என்னைப் பார்த்தார். மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார்:

"இருக்கா மேடம், இருக்கா. கொஞ்சம் பொறுங்க, அழுதுட்டு வருவா."