மாமனார் ஸ்வெட்டரில் ஒரு ஜோடி சாக்ஸ்

மாமனாரின் ஸ்வெட்டரைப் பிரித்துப் பாப்பாவுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் பின்னித் தரும்படி என் கணவர் கேட்டார். கேட்ட விதம்தான் விசேஷம். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல அதை என் மடியில் கிடத்தினார். நான் சட்டென்று முழங்காலை விலக்கிக்கொண்டேன். அது தரையில் விழுந்தது.

"பாத்து," என்றார். "அப்பாவோடது."

அது தெரியாமலா விலக்கினேன்? செங்கல் நிறத்தில் முழுக்கை ஸ்வெட்டர். முழங்கை இரண்டும் பிசுக்கு ஏறிப் பளபளக்கும். வலது கையின் விளிம்பு மட்டும் காய்ந்த ரொட்டி மாதிரி விறைத்திருக்கும். கைக்குட்டை என்று ஒன்று உலகத்தில் இருப்பது அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியாது. மூக்குக்கும் அந்த விளிம்புதான், வாய்க்கும் அந்த விளிம்புதான். அவர் போய்ச் சேர்ந்து மாதக்கணக்கில் ஆகியும், புகையிலையும் வேர்வையும் கலந்த நாற்றம் மட்டும் எங்கள் வீட்டைக் காலி செய்யவில்லை.

"புது நூல் வீட்ல நிறைய இருக்கே. இது எதுக்கு?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை அத்தை வர்றாங்க. பாப்பா கால்ல பாக்கணும்னு ஆசைப்படறாங்க. அப்பா ஞாபகமா இருக்கும்ல."

அத்தை என்றால் மாமனாரின் அக்கா. வேறு ஊரில் இருக்கிறார். நல்ல மனுஷி. கல்யாணமாகிப் போன பிறகு தம்பியோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டியதில்லை என்பதால் தம்பியும் நல்லவர் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்.

அந்த நல்லவரின் லட்சணத்தைச் சொல்கிறேன். பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார். பெண் என்று கேட்டதும், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு அவளுக்கு அவர் வைத்த பெயர் 'செலவு'. "செலவு எந்திரிச்சிடுச்சா?" என்பார். "செலவு அழுவுது, யாராவது பாருங்க," என்பார். தாத்தா ஏதோ கொஞ்சுகிறார் என்பதுபோல என் கணவர் சிரிப்பார்.

ஒரு நாள் பாப்பா தவழ்ந்து போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் முதன்முதலாக நின்றதே அப்போதுதான். மனிதர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. செருப்பில் ஒட்டிய அசிங்கத்தை உதறுவார்களே, அப்படிக் காலை உதறினார். அவள் மல்லாந்து விழுந்தாள். அடுப்படியிலிருந்து நான் பார்த்தேன். சோபாவிலிருந்து என் கணவரும் பார்த்தார். பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இவ்வளவும் தெரிந்துதான் ஸ்வெட்டரைப் பிரித்தேன். செத்தவரோடு என்ன சண்டை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அப்பாவைப் பறிகொடுத்தவர் ஆசையாகக் கேட்கும்போது முகத்தில் அடித்தாற்போல மறுக்க மனம் வரவில்லை.

கழுத்துப் பக்க முடிச்சை அறுத்து இழுத்தால் வரிசை வரிசையாகக் கழன்று வரும். வந்தது. கூடவே வெள்ளை முடி, பொடுகு, புகையிலைத் தூள் எல்லாம் மடியில் உதிர்ந்தன. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நூலை நாற்காலி முதுகில் சுற்றினேன். வாளியில் முக்கியதும் தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு மாறியது. குமட்டியது. மாற்றி மாற்றித் தண்ணீர் ஊற்றி அலசினேன். பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும், ஈரத்தோடு தொங்கவிட்டு அடியில் கனம் கட்டினால்தான் நேராகும். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைக் கட்டிக் குளியலறைக் கம்பியில் தொங்கவிட்டேன். நூல் நேரானது. நாற்றம் குறைந்ததே தவிரப் போகவில்லை.

கண் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதிரே நான் என்ன பின்னினாலும் கேட்பாரில்லை. முதல் சாக்ஸை அங்கேதான் பின்னினேன். சாதாரண சாக்ஸ்தான். கணுக்காலுக்கு மேலே தொடங்கி, குதிகாலில் திருப்பி, விரல் நுனியில் சுருக்கி முடிப்பது. பாப்பா தூங்கும்போது அவள் பாதத்தைக் காகிதத் துண்டில் அளந்து வைத்திருந்தேன். அளவைவிடத் துளி குறைவாகப் பின்னினால்தான் நழுவாமல் நிற்கும். நன்றாகவே வந்திருந்தது. கண்ணுக்கு அழகாகக்கூட இருந்தது, அதுதான் எரிச்சல்.

இரண்டாவதை வீட்டில் பின்னிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் என் கணவர் போனில் பேசுவது கேட்டது.

"ஆமா அத்தை. அவளைத் தரையில விட்டதே இல்ல அப்பா. கடைசி நாள்கூட என் கையப் பிடிச்சுக்கிட்டு, என் ஸ்வெட்டரப் பிரிச்சு பாப்பாவுக்கு ஏதாவது பின்னிக் குடுங்கடான்னுதான் கேட்டார். அதான் இவ பின்னிட்டு இருக்கா."

கடைசி நாள் மாமனார் கேட்டது வேறொரு தலையணை. எடுத்துக் கொடுத்தவள் நான். இவர் அப்போது ஆபீஸில் இருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் கேட்டது ஞாபகார்த்தம் இல்லை, பொய்க்குச் சாட்சி. எந்தக் குழந்தையை அந்த மனிதர் காலால் உதறினாரோ அவள் காலிலேயே அந்தச் சாட்சியை மாட்டப் போகிறார். அதுவரை ஸ்வெட்டர்மேல் இருந்த குமட்டல் அதை மடியில் கிடத்தியவர்மேல் திரும்பியது. விரல்கள் மட்டும் நிற்கவில்லை, அவைபாட்டுக்குப் பின்னிக்கொண்டே இருந்தன. உள்ளே பல்லைக் கடித்தால் வெளியே நூல் இறுகும் என்பது பின்னுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அன்று எனக்குத் தெரியவில்லை. அதே ஊசி, அதே எண்ணிக்கை என்பதால் முடித்த பிறகு அளந்தும் பார்க்காமல் பையில் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்கு அவரே தலை வாரி, அவரே சட்டை மாட்டினார். மற்ற நாளில் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. முதல் சாக்ஸ் வழுக்கிக்கொண்டு ஏறியது. இரண்டாவது குதிகாலில் சிக்கி நின்றது. அவர் இழுத்தார். பாப்பா சிணுங்கினாள். மறுபடி இழுத்தார்.

"விடுங்க. சின்னதாப் போச்சு," என்றேன்.

"கொஞ்சம் இழுத்தா சரியாயிடும்."

"வலிக்குது அவளுக்கு."

"அத்தை பஸ்லேர்ந்து எறங்கிட்டாங்களாம். சும்மா இரு."

முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மூட்டைக்கு உறை போடுவதுபோலத் திணித்தார். பாப்பா வீறிட்டாள். அவர் கண் சாக்ஸிலேயே இருந்தது, ஒரு தடவைகூட அவள் முகத்துக்குப் போகவில்லை.

"அவ அழறது காதுல விழுதா? இல்ல டிவியப் போடட்டுமா?"

அவர் கை நின்றது. நான் குழந்தையைப் பிடுங்கி இரண்டு சாக்ஸையும் உருவி எறிந்தேன். குதிகாலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் பதிந்திருந்தது. அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன்," என்றார். "அன்னிக்கு நானும் பாத்தேன். எனக்குத் தெரியாதா அவரப் பத்தி? என்னையே ஒரு நாள் தூக்கினதில்ல. எனக்கும் நல்லதா ஒரு அப்பா இருந்தார்னு ஒருத்தங்களாவது நம்பிட்டுப் போகட்டுமே. உனக்கு என்ன நஷ்டம்?"

பாவமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். அருவருப்பாக இருந்தது. தனக்கு வாய்க்காத அப்பாவை, இன்னும் ஒழுங்காக நடக்கக்கூட வராத பெண்ணின் காலில் மாட்டி ஊருக்குக் காட்டப் பார்த்திருக்கிறார். எனக்கு என்ன நஷ்டமாம்.

பாப்பா அழுகையை நிறுத்தியதும் இடுப்பில் வைத்துக்கொண்டே சாக்ஸ்களைப் பொறுக்கி, விரல் நுனி முடிச்சை அறுத்து இரண்டையும் பிரித்தேன். பின்ன எத்தனை பாடு, பிரிக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. மீதி உருண்டைகள் இருந்த பையையும் எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"காலை நீட்டுங்க."

"எதுக்கு?"

"முழுக்கை ஸ்வெட்டர். உங்களுக்கே ஒரு ஜோடி வரும். உங்க அப்பா, உங்க ஞாபகம். அத்தைகிட்ட நீங்களே போட்டுக் காட்டுங்க."

விளையாடுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லக் காலை நீட்டினார். பாப்பாவைத் தரையில் உட்காரவைத்துவிட்டுக் குனிந்து, நூலைக் குதிகாலிலிருந்து கட்டைவிரல்வரை அவர் தோல்மேல் படிய வைத்து அளந்தேன். பக்கத்திலிருந்த பையிலிருந்து அந்த நாற்றம் குப்பென்று எழுந்தது. இத்தனை நாளில் அவர் அதை இவ்வளவு பக்கத்தில் முகர்ந்ததே இல்லை போலிருக்கிறது. முகம் கோணியது. விருட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வேணாம்," என்றார். "எனக்கு வேணாம்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். தலையை நிமிர்த்தவில்லை. வாசல் மணி அடித்தது. பாப்பாவை வெறுங்காலோடு தூக்கிக்கொண்டு நானே போய்க் கதவைத் திறந்தேன்.